ஒன்பது பத்தாது

சாவிப் பலகையில் பதினெட்டு ஆணி.
ஒன்பது வெறுமனே நிற்கிறது, அது நல்லது.
ஒன்பதில் சாவி தொங்குகிறது.
மணி பதினொன்று நாற்பது.
டவுன்ஹால் ரோட்டுச் சந்துக்குள்
எங்கள் போர்டில் 'லா' மட்டும் எரியவில்லை.
'ட்ஜ்' என்று படித்துவிட்டும் சிலர் மேலே வருகிறார்கள்.

கணக்கு எனக்கு மனப்பாடம்.
கட்டடக்காரருக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
நாலு பேர் சம்பளம் ஐம்பத்தாறு.
வங்கித் தவணை முப்பத்தெட்டு.
லைசென்ஸ், வரி, மோட்டார் ரிப்பேர், மூட்டைப்பூச்சி மருந்து
எல்லாம் போட்டுக் கசக்கினால் பன்னிரண்டு.
ஒரு ஈ காக்கை வராவிட்டாலும்
மாதம் பிறந்தால்
இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம்
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அறைக்குத் தொள்ளாயிரம்.
அதில் நூற்றெண்பது வந்த ஆளோடு போய்விடும்:
சலவை, சோப்பு, கரண்டு,
தலையணை உறையில் விட்டுப்போகிற மருதாணி.
மிச்சம் எழுநூற்றிருபது.
வகுத்துப் பார்த்தால் மாதம் முந்நூறு.
நாளுக்குப் பத்து.

கடன் கேட்டுப் போனபோது வங்கி அதிகாரி
ஒரு தாளில் இரண்டு கோடு இழுத்து
வெட்டுகிற இடத்தில் வட்டம் போட்டார்.
"இதுதான் சமன்புள்ளி, விசாலி மேடம்.
இதுக்குக் கீழே போனா முதலுக்கே மோசம்."
கீழமாசி வீதி மண்டிகளில்
இதற்குக் கட்டுப்படி என்று பெயர்.
எனக்கு அது வெறும் பத்து.
பத்து இருந்தால் பத்தும்.
ஒன்பது பத்தாது.

சித்திரையில் பதினெட்டும் போய்விடும்.
நான் தூங்குகிற ஸ்டோர் ரூமைக்கூடக் கேட்பார்கள்.
அந்த ஐந்து நாளை ஐப்பசி மழைமேல் பரப்பினால்
சராசரி சரியாக வரும் என்கிறார் ஆடிட்டர்.
சராசரி
இதுவரை எங்கள் படியேறி வந்ததில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு ஒருவர் வந்தார்,
விளாத்திகுளம் பக்கமாம்.
கூடவே மகள், கையில் பரீட்சை அட்டை.
"அறுநூறுக்குத் தாங்கக்கா. விடிஞ்சதும் கெளம்பிருவோம்."

அறுநூறில் நூற்றெண்பது கழிந்தால் நானூற்றிருபது.
எல்லோருக்கும் அப்படி என்றால்
பதினெட்டு ஆணியும்
தினம் தினம் வெறுமையாக வேண்டும்.
இன்றிரவுக்கு மட்டும் என்றால்?
மாவு புளித்தால் பணியாரமாவது ஊற்றலாம்.
நேற்றுப் பூட்டிக் கிடந்த அறையை
எந்தக் கல்லில் ஊற்றுவது?

இவ்வளவும் யோசித்தேன்.
வாய் மட்டும் "எண்ணூத்தம்பது" என்றது.

அவர் மகளைப் பார்த்தார்.
"ஸ்டேஷன்லயே இருந்துக்கலாம்ப்பா."

எங்கள் மாடிக்கு இருபத்தோரு படி.
படிக்கு இருபது ரூபாயாக
இறங்கிப் போகிற சத்தம் கேட்டது.
கடைசிப் படியில்தான் சோணைமுத்துவை அனுப்பினேன்.
மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்:
"காணோம்க்கா. ஆட்டோ ஏறிட்டாங்க போல."

நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன்.

நாலு முப்பத்தைந்து.
ரயிலிலிருந்து இறங்கிய ஆறு பேர்,
பட்டுப்பை, தூக்குச்சட்டி, தூங்குகிற குழந்தை.
திருப்பரங்குன்றத்தில் ஏழரைக்கு முகூர்த்தம்.
"குளிக்க மட்டும்தாங்க, ரெண்டு மணி நேரம்.
நானூறு வாங்கிக்கிறீங்களா?"

அவர் முடிப்பதற்குள்
ஏழாம் நம்பர் சாவி என் கையில் இருந்தது.

ஆறு துண்டு, ஆறு சோப்பு,
கெய்சர் ஒருவருக்குப் பின் ஒருவராக.
நூற்றெண்பதா செலவு, இருநூற்றைம்பதா,
மீட்டருக்குத்தான் தெரியும்.

ரெஜிஸ்டரைப் பிரித்தபடி
சோணைமுத்து பேனாவை நிறுத்தினான்.
"எந்தத் தேதியில போட, நேத்தா இன்னைக்கா?"

வெளியே இன்னும் வெளுக்கவில்லை.
டீக்கடைக்காரர் பாய்லரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நேற்றில் போடச் சொன்னேன்.

பத்து ஆயிற்று.
பத்தவில்லை.