முறுக்குப் பலகை

ஆரல்வாய்மொழி ஏத்தத்தில்
கோழிக்கூண்டு ஏற்றிய டெம்போ ஒன்று
என்னை முந்திப் போனது.
கோழிகள் திரும்பிப் பார்த்தன.
அன்றைக்கு முடிவு செய்தேன்.

பணகுடியில் காற்றுக்குப் பஞ்சமில்லை.
கணவாய் வழியாக நுழைந்து
காற்றாலை அத்தனையையும் சுற்றிவிட்டு
மிச்சத்துக்கு எங்கள் கொடியில் கிடக்கும் பாவாடையையும்
வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடும்.
நாலு யூனிட் எம்-சாண்டு ஏற்றினால்
என் லாரிக்கு மட்டும் மூச்சு போதாது.

வள்ளியூர் பழைய இரும்புக்கடையில்
பெரிய வண்டியின் டர்போ ஒன்று கிடைத்தது.
ஏழாயிரம் சொல்லி ஐயாயிரத்து நூறுக்குத் தந்தான்.
அந்த நூறு எதற்கென்று இன்றுவரை தெரியாது.
ரோசலியிடம் மூவாயிரம் என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து வேட்டியை மாற்றினேன்.
பழையதைக் கழற்றவே மதியமாகிவிட்டது.
மேனிபோல்டு ஸ்டட் ஒன்று ஒடிந்து உள்ளேயே நின்றது.
அதன் தலையில் நட்டை வைத்து வெல்டு பிடித்து
சூடு ஆறுமுன் திருகி எடுத்தான் வியாகுலம்.
அவன் ராடைத் தொட்டபோதெல்லாம் தெருவில் டிவி மங்கியது.
"சவத்து மூதிகளா, சீரியல முடிய விடுங்கல"
என்றது பக்கத்து வீடு.

சைலன்சரை அறுத்துப் போட்டோம்.
நாலு இஞ்சுக் குழாய், தடுப்பு ஒன்றுமில்லாமல்
பின்சக்கரத்துக்கு முன்னால் வந்து வாய் திறந்தது.

புது டர்போதான் உட்கார மறுத்தது.
கூட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.
ஆயில் இறங்கும் குழாய் சேசிஸில் இடித்தது.
வளைத்தேன்.
இன்னும் கொஞ்சம் வளைத்தேன்.
வியாகுலம் அதைப் பார்த்தான்,
டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனான்.

ஆறேகால் மணி. சாவி.
பில்டர் குழாயை நான் மாட்டவில்லை,
விசில் சத்தத்தை நேரில் கேட்க ஆசை.
கேட்டது. தகரக்கூரை அதிர்ந்தது. நான் சிரித்தேன்,
சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு நீலம் கலந்த வெள்ளைப் புகை.
மிதியில் என் கால் இல்லை, வண்டி ஏறிக்கொண்டே போனது.
சாவியைத் திருப்பினேன்.
சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.
டீசல் குழாயை உருவிவிட்டான் வியாகுலம்.
நிற்கவில்லை.
டீசல் எதற்கு அதற்கு?
இறங்க வழியில்லாத தன் ஆயிலையே
குடித்துக்கொண்டிருந்தது.
மீட்டர் முள் கடைசி ஆணியில் முட்டி நடுங்கியது.
"ஓடிருடே!" வியாகுலம் வேலி தாண்டிவிட்டான்.
நான் ஓடவுமில்லை,
அங்கே நின்றேன் என்றும் சொல்ல முடியாது.

ரோசலி அடுக்களையிலிருந்து வந்தாள்.
கையில் முறுக்குப் பலகை, ஓரத்தில் மாவு.
"எங்கனகூடிக் காத்து போவுது?"
காட்டினேன்.
மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு
பலகையால் ஓங்கி அறைந்தாள்.
டர்போவின் வாய் பலகையைக் கவ்வி உறிஞ்சியது.
வண்டி இரண்டு தரம் குலுங்கியது,
ஏப்பம்போல் ஒன்று விட்டது,
செத்தது.

காற்றாலை சுற்றும் சத்தம் அப்புறம்தான் கேட்டது.

"மூவாயிரமா?"
"ஐயாயிரத்து நூறு."
"ம்."

புளி, சாம்பல், சோப்பு, எதற்கும் போகவில்லை
பலகையில் விழுந்த கறுப்பு வட்டம்.
திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் முறுக்கு பிழிந்தாள்.
சைலன்சரைத் திரும்ப மாட்டச் சொன்னாள்.
பாதியை மாட்டினேன்.

அடுத்த ஞாயிறு
ஒரு பிராக்கெட்டை அறுத்து நகர்த்தி
ஆயில் குழாயை நேராக இறக்கினோம்.
பில்டர் குழாய்க்கு ரப்பர் வெட்ட அளவு வேண்டியிருந்தது.
அடுக்களைக்குள் போனேன்.
முறுக்கு வரிசையோடு பலகையைத் தலைக்கு மேல் தூக்கி
அடியில் ஸ்கேலை வைத்தேன்.
மூன்றே முக்கால் இஞ்சு.

"முறுக்கச் சிந்திப்புடாதீய" என்றாள்,
எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.