இரண்டு திறப்பு

எங்கட மரண உதவிச் சங்கத்துப் பெட்டிக்கு
இரண்டு பூட்டு.
ஒரு திறப்பு செயலாளர் என்னட்டை.
மற்றது தனாதிகாரி ராசலோஜினியிட்டை.

பதினொரு வருசமாய் நானும் அவளும் கதைக்கிறதில்லை.
வேலி அடைக்கேக்கை
என்ர பக்கம் அரையடி தள்ளிக்
கதியால் நட்டவள்.
வழக்கு மல்லாகத்தில்.
தவணைக்கு ஒரே பஸ்ஸில் போய்
ஒரே பஸ்ஸில் அளவெட்டிக்குத் திரும்புவம்,
அவள் முன்சீட்டில், நான் பின்னுக்கு.

எண்டாலும் மாதத்தில் முதல் ஞாயிறு
சனசமூக நிலையத்து வாங்கில்
பெட்டியை நடுவில் வைச்சு இருப்பம்.
வீடு வீடாய்த் தண்டினதை அவள் எண்ணுவாள்,
நான் மொத்தத்தை எழுதுவன்.
தொகையைச் சொல்லுறது
பெட்டியைப் பார்த்துத்தான்.
"கூட்டாளிகளிட்டைக் குடுக்கிறதெண்டால்
ரெண்டு பூட்டு எதுக்கு?"
பொதுக்கூட்டத்தில் தலைவர் கேட்க
சபை சிரிச்சது.
நாங்கள் சிரிக்கேல்லை.

போன ஐப்பசி மழைக்கை
அவளுக்கு நெஞ்சு நோ. பெரியாஸ்பத்திரி.
பொழுதுபட அவளின்ர மகன்
நனைஞ்சபடி படலையில் நிண்டு
கைலேஞ்சியில் முடிஞ்ச திறப்பை நீட்டினான்.
"அம்மா தரச்சொன்னவ."
வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?
"இல்லை."

ஒன்பது நாள்
இரண்டு திறப்பும் என்ர அரிசிப் பானைக்குள்.
நித்திரை இல்லை.
கள்ளி எண்டு சொல்லியிருந்தால்
எனக்குப் பதில் தெரியும்.
இதுக்கு என்ன பதில்?

ஆறாம் நாள் விடியப்புறம்
மில்லில் மூட்டை தூக்கின ஞானச்செல்வம்
செத்துப்போனான்.
றோட்டால போறவை பார்க்கட்டுமெண்டு
கதவை அகலத் திறந்துவிட்டுப்
பெட்டியைத் திறந்தன்.

மூண்டு மாதம் கட்டாட்டி
உதவி இல்லை, அது யாப்பு.
மில் ஆனியிலேயே பூட்டியாச்சு.
பற்றுச்சீட்டு அடிக்கட்டையைப் புரட்டினன்.
ஆடி, ஞானச்செல்வம், இருநூறு.
ஆவணி, இருநூறு.
புரட்டாதி.
மண்ணெண்ணெய்க்கே கடன் கேட்டுத் திரிஞ்சவன்.
காசை எண்ணினன். சரி.
திரும்ப எண்ணினன்.
சரி.

அரையடிக் காணிக்குப்
பதினொரு வருசம் கோட்டுப்படி ஏறுறவள்.
கனநேரம் அவளின்ர கையெழுத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தன்.

இருபத்தையாயிரத்தை அவன்ர பெண்சாதியின்ர
கையில் குடுத்து ஒப்பம் வாங்கினன்.
அடிக்கட்டையைப் பற்றி
ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை,
இப்ப உங்களைத் தவிர.

அவள் வீட்டுக்கு வந்த மறுநாள்
பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்
அவளின்ர மேசையில் வைச்சன்.
மெலிஞ்சிருந்தாள். கண்ணாடியைப் போட்டு
விரலை நாக்கில் தொட்டுத்
தாள் தாளாய் எண்ணத் தொடங்கினாள்.
ஒருக்கால். பிறகும் ஒருக்கால்.
மூண்டாம் தரம் மகனுக்கு வெக்கமாய்ப் போச்சு,
"காணுமம்மா" எண்டான்.

"எண்ணட்டும்" எண்டன்.
பதினொரு வருசத்தில்
அந்த வீட்டுக்குள்ள நான் சொன்ன
முதல் சொல்.

எண்ணி முடியக் கையை நீட்டினாள்.
அவளின்ர திறப்பை வைச்சன்,
அதே கைலேஞ்சி, தோய்ச்சு மடிச்சது.

வாற வியாழன் தவணை.
அரையடியை நான் விடப்போறதில்லை.