பாத்ரூம் கதவருகே மூன்று கோடு

ஃபிரிட்ஜ் தலையில் உட்கார்ந்திருக்கிறது
ஒரு கொம்பு உடைந்து
இன்சுலேஷன் டேப்பில் நிற்கும் வெள்ளை டப்பா.
வெள்ளை என்பது வாங்கின நாளின் நிறம்.
மிச்சத்தைக் கடல் உப்பும் லாரிப் புகையும்
பார்த்துக்கொண்டன.

கேபிள்கார முனீர் வந்து தட்டிப் பார்த்தான்.
"இன்னாக்கா, இத வெச்சினா இம்மா நாளு ஓட்ன?
நாலு ஆண்டெனா, ரெண்டு பேண்டு,
நாலாயிரத்து எட்நூறு.
மொட்ட மாடி வரிக்கும் பிச்சிக்கும்."

ஐந்தரை கேஸ் சிலிண்டர்.
அரை சிலிண்டர் யாரும் தருவதில்லை,
ஆனாலும் கணக்கு அப்படித்தான் வந்தது.

இன்ஷூரன்ஸ் கிளெய்ம் கேட்டு அழைப்பவரிடம்
"லைன்லயே இருங்க சார்" என்பேன்.
அவர் இருப்பார்.
நான்தான் இருக்க மாட்டேன்.

குற்றம் டப்பாவுடையதா, சுவருடையதா
என்பதுதான் வழக்கு.
ஐந்து போர்ஷனாகக் கூறுபோட்ட ராயபுரத்துப் பழைய வீடு,
ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர்.
பக்கத்துச் சண்டையை உள்ளே விடும்,
சிக்னலை விடாது.
படுக்கையறையில் ஒரு கோடு.
சமையல்கட்டில் குக்கர் விசில் மட்டும்.
பாத்ரூம் கதவருகே மூன்று.
அங்கேதான் ஸ்டூல் போட்டு, ஹெட்செட் மாட்டி, நான்.
உள்ளே போகிறவர்கள் மக்கைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும்
என்று வீட்டில் ஒரு சட்டம்.
டீம் லீடர் ஒருநாள் கேட்டாள்:
"உங்க ஏரியாவில மழையா?"

"புது டப்பாவும் அதே செவுத்துலதான முட்டிக்கும்"
என்றார் என் வீட்டுக்காரர் தேவசகாயம்.
ஹார்பர் கேட்டில் டிரெய்லரோடு
பதினாறு மணி நேரம் வரிசையில் நிற்கிறவர்.
திரையில் வட்டம் சுற்றுவதெல்லாம்
அவருக்கு ஒரு காத்திருப்பா.

ஆனாலும் கூடையில் போட்டு வைத்தேன்.
ராத்திரி ராத்திரி திறந்து பார்ப்பேன்,
வாங்காத புடவையைப் பிரித்துப் பார்ப்பதுபோல.

வியாழக்கிழமை நிஜமாகவே மழை.
டப்பாவில் சிவப்பு.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு முப்பது எண்ணச் சொல்லியிருக்கிறான் முனீர்.
பன்னிரண்டில் முற்றத்துக் கதவொன்று திறந்தது.
"நெட்டு போச்சா?"
ரெண்டாம் போர்ஷன் கலாவல்லி.
பதினேழில் ஐஸ் ஃபேக்டரி இளம்பரிதி,
கையில் செல், செல்லில் பாதி முடிந்த மேட்ச்.
இருபத்து மூன்றில் ஸ்டெல்லா டீச்சர்.
தண்ணி மோட்டார் தகராறுக்குப் பிறகு
இரண்டு வருஷமாய் என்னிடம் பேசாதவர்.
"ஏன் ஆஃப் பண்ணே?" என்றார்.

பாஸ்வேர்டை யாரும் கேட்டதில்லை,
நான் கொடுத்ததும் இல்லை.
மகள் பெயரும் பிறந்த வருஷமும்தான்.
பெயர் சொல்லி முற்றமே கூப்பிடுகிறது,
கேக்கையும் எல்லோரும்தான் தின்றார்கள்.

கோபம் வர வேண்டிய இடம்.
வந்தது. கொஞ்சம்.
அதற்குள் எண்ணிக்கை தப்பிவிட்டது,
மறுபடி ஒன்றிலிருந்து.
கதவுகளில் நின்றவர்களும்
கூடவே எண்ணினார்கள் என்று நினைக்கிறேன்,
உதடு அசைந்தது.

சிவப்பு. மஞ்சள்.
ரொம்ப நேரம் மஞ்சள்.
பச்சை.

கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டன.
நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.
டீச்சர் மட்டும் திரும்பிப் பார்த்து,
"புதுசு வாங்கினாலும் பாஸ்வேர்ட மாத்திடாதம்மா,
ஞாபகம் வச்சிக்க முடியல."

நாலு ஆண்டெனா இன்னும் கூடையில் கிடக்கிறது.
விலை நூற்றைம்பது ஏறியிருக்கிறது.
காலை ஒன்பதுக்கு ஷிஃப்ட்.
ஸ்டூலின் ஒரு கால் ஆடுகிறது,
முதலில் அதற்கு ஓர் ஆணி பார்க்க வேண்டும்.