கட்டத்தில் இல்லாதது

டென்மார்க்கிலிருந்து வந்த பொட்டலத்துக்குள்
என் ஊர் இருந்தது.
ஃபூஜி மலை, செந்நிறப் பாலம், செர்ரிப் பூ,
ஒற்றைக் காலில் ஒரு கொக்கு.
முப்பத்தொரு நிற நூல்.

காகித ஆலையில் எனக்கு இரவு வேலை.
மூன்று மணி இடைவேளையில்
சோற்றுருண்டையைக் கடித்தபடி
நோசாகி எட்டிப் பார்த்தான்.
"இது எங்கே இருக்கு?"

நானும் அதைத்தான் தேடுகிறேன்.
இப்படியொரு பாலத்தில் நின்றால் மலை தெரியாது.
மலை தெரியும் பாலத்தில்
லாரிகள்தான் நிற்கும்.
கொக்கோ, தொலைவில், ஹொக்கைதோவில்.

இருந்தாலும் தைத்தேன்.
இப்படி ஒரு சாய்வு, அப்படி ஒரு சாய்வு.
பெருக்கல் குறிமேல் பெருக்கல் குறி,
பெருக்கியும் பெருகாத மலை.
பிப்ரவரியில் ஒரு கட்டம் பிசகி
பாலத்தை மூன்று இரவு பிரித்தேன்.
பிரித்த நூல் நெளிந்தே கிடந்தது,
தூங்கி எழுந்தவள் முடி மாதிரி.

பனிக்கு,
வெள்ளைத் துணியில் வெள்ளை நூல்.
தைத்த இடம் எது, தைக்காதது எது,
விரலுக்குத்தான் தெரியும்.

நேற்று கடைசிப் பூவும் முடிந்தது.
சாம்பல் நூல் இரண்டு முழம் மிச்சம்.
விடியும்போது ஜன்னலில் நிஜ மலை,
அதன் நெஞ்சுக்கு நேராக
எங்கள் ஆலையின் புகைபோக்கி.
வரைபடத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
எண்ணாமல் குத்தினேன்,
புகைக்குக் கொஞ்சம் கோணலாக.

நோசாகி நெடுநேரம் பார்த்தான்.
பிறகு கொக்கைத் தொட்டுச் சொன்னான்:
"பாவம், இதுக்கு இனிமேல் இருமல் வரும்."