பொதுச் சுவர்

தண்டர் பே. ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
வண்டியின் கைப்பிடி என் கையுறையைப் பற்றிக்கொண்டு
விடமாட்டேன் என்கிறது.
இன்றைய தாளில் இரண்டு புகார்கள்,
ஒரே தெரு, ஒட்டிப் பிறந்த இரட்டை வீடு:
நாற்பத்தொன்றில் கணப்பு எரியவில்லை.
நாற்பத்து மூன்றில் தானாக எரிகிறது.

"ரெண்டு பேரையும் வீடு மாத்திக்கச் சொல்லு,
வேலை முடிஞ்சுது" என்றான் அலுவலகத்தில் டக்.

நாற்பத்தொன்று, ஜிசேல் சபூரன்.
மருத்துவமனையில் மாலை ஷிப்ட்,
இலையுதிர் காலத்தில்தான் குடிவந்தாள்.
முதலில் என் மூக்கு, பிறகுதான் கருவிகள்.
எரிவாயு வாடை இல்லை.
இருந்திருந்தால் ஒரு சுவிட்சையும் தொடாமல்
அவளை இழுத்துக்கொண்டு பனியில் நின்று
அங்கிருந்துதான் போன் செய்திருப்பேன்.

கண்ணாடியைக் கழற்றினேன்.
பைலட் சுடர் நீலமாக, நிதானமாக,
தெர்மோகப்பிளின் நுனியை நக்கிக்கொண்டிருந்தது.
மீட்டரில் ஐந்நூற்றுப் பதினெட்டு மில்லிவோல்ட்.
ஒரு துண்டு வயரால் வால்வை நேரே எழுப்பினேன்,
குப்பென்று பற்றியது.
ஆக, தீயில் குறையில்லை.
கட்டளைதான் போய்ச் சேரவில்லை.

குனிந்து, கைவிட்டு, அடியிலிருந்து
ரிசீவரை இழுத்தேன்.
நான்கு பேட்டரிகள். ஒன்று வெள்ளையாகப் பூத்துக் கசிந்திருந்தது.
"அதுலயும் பேட்டரி இருக்கா?"
எல்லா வீட்டிலும் இதே கேள்வி.
ரிமோட்டுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள்;
வாய்க்கு மாற்றுகிற கைகள்
காதுக்கு மாற்றுவதே இல்லை.

தினமும் பத்து மணிக்கு வந்து,
சப்பாத்தைக்கூடக் கழற்றாமல்
பன்னிரண்டு தடவை, பதின்மூன்று தடவை அழுத்துவாளாம்.
பிறகு இரண்டு போர்வை.

புதுப் பேட்டரி போட்டு அழுத்தினேன்.
அவள் கணப்பு எரிந்தது.
அதே நொடியில்
சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு குப்.
பின்னாலேயே ஃபின்னிஷில் ஒரு வசவு.

ஒரே கம்பெனி, ஒரே வருடம்,
தொழிற்சாலை எழுதி அனுப்பிய ஒரே எண்.
யாரும் மாற்றவில்லை.

நாற்பத்து மூன்று, ரெய்யோ ஹாபாலா.
தானியக் கிடங்கில் முப்பத்து நான்கு வருடம்,
இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.
"நவம்பர்லேர்ந்து. பத்து மணிக்கு.
பத்திக்கும், அணையும், திரும்பப் பத்திக்கும்."
பழுது என்கிறார்,
நாற்காலியை அதன் முன்னாலேயே இழுத்துப் போட்டிருக்கிறார்.
கைப்பிடியில் காபிக் கோப்பையின் வட்டங்கள்,
ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு பருவத்துக்கு உண்டானவை.
"அப்போ ஏன் கூப்பிட்டீங்க?"
"நான் எங்கே கூப்பிட்டேன்? பொண்ணு.
கெனோராவிலேர்ந்து."

அடுத்தவர் தீயில் குளிர்காய்வது பற்றி
ஊரில் ஒரு பேச்சு உண்டு, நல்ல பேச்சல்ல.
இவரோ தன் தீயில்தான் காய்ந்தார்,
எரிவாயுக் கட்டணமும் இவருடையதுதான்.
ஏற்றிய விரல் மட்டும் பக்கத்து வீடு.

விஷயத்தைச் சொன்னேன்.
கேட்டுவிட்டு வெகுநேரம்
கண்ணாடியில் படிந்த வெண்படலத்தைப் பார்த்திருந்தார்.
"அந்த நர்சம்மாவா."
பிறகு, "இப்படியே விட்டா என்ன?"

முடியாது. ஆளில்லாத வீட்டில் தீ தானாக எழும்.
அப்படி விட்டுப்போக எனக்கு உரிமம் இல்லை.
குண்டூசி முனையால் பொத்தானை அமுக்கினேன்,
ஒரு பீப்.
அவருடைய ரிமோட்டைப் பழக்கினேன், இன்னொரு பீப்.
ஆறிய கண்ணாடியைத் துடைத்தேன்.
வெளியே போய்
புகைபோக்கி வாயிலிருந்த பனிவிழுதை உடைத்தேன்;
இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால்
உண்மையான பழுதே வந்திருக்கும்.

திரும்பி வந்தபோதும் ரிமோட் அவர் மடியில்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்.

"சுவர் மெல்லிசுதான்" என்றேன்.
"பத்து மணிக்கு வலது காதை வைங்க. குப்புனு கேட்கும்.
அப்புறம் நீங்க அழுத்துங்க."

அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.
இரண்டு பில், இரண்டு பெயர்.
பயணக் கட்டணம் மட்டும் ஒன்று.
டக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்,
ஒரு சுவர்தானே என்று.