வந்துட்டேன் 3

கன்டெய்னர் விழுந்துவிட்டது என்று
நான் போனில் சொன்னதைக் கேட்டு
டீக்கடையில் நாலு பேர் திரும்பினார்கள்.
எந்தக் கொண்டை ஊசியில, என்றார் ஒருவர்.
லாரி இல்லை அண்ணா என்றேன்.
பிறகு என்ன என்று சொல்ல
கோத்தகிரி முழுக்க எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

கட்டபெட்டுத் தொழிற்சாலையில்
தராசுக்குப் பக்கத்தில், கோணி போர்த்திய
ஒரு சின்னக் கணினி.
அதற்குள் ஆறு கன்டெய்னர்கள்.
ஒன்று இலையை நிறுக்கும்.
ஒன்று ஈரத்துக்குக் கழிக்கும்.
ஒன்று விவசாயியின் போனுக்கு எடையைச் சொல்லும்.
மற்ற மூன்றும் இந்த மூன்றைப் பார்த்துக்கொள்ளும்.

விழுந்தால் அதை அழித்துவிட்டு
அதே முகத்தில் வேறொன்று எழும்.
அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறோம்.
செத்தது கடைசியாக என்ன சொன்னதென்று
எழுந்ததற்குத் தெரியாது.
"மாசம் ஒரு தரம், ராத்திரி ரெண்டு மணி வாக்குல மேடம்,
அஞ்சு நிமிசத்துல தானா சரியாயிரும்,"
என்கிறார் எலக்ட்ரீசியன் போஜன்.
சரியாகிவிடுவதுதான் பிரச்சினை என்பதை
அவரிடம் எப்படி விளக்க?

ஆகவே மழை பிடித்த இந்த வாரம் முழுக்க
ஒரே வேலை.
எதைச் சொன்னாலும் சொன்ன இடத்தில் வைக்காதே,
குன்னூருக்கு அனுப்பு.

முதலில்
கிடைத்ததா என்று கேட்காத வழியில் அனுப்பினேன்.
மஞ்சூரிலிருந்து கிளம்பிய நூறு வரியில்
எண்பத்தொன்று வந்தது.
மிச்சம் எந்தப் பள்ளத்தில் இறங்கியதோ.

சரி, கையெழுத்து வாங்குகிற வழி என்று மாற்றினேன்.
அரவேணுவில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்த காலையில்
வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று
கன்டெய்னர் எழவே மறுத்தது.
தராசு நின்றது.
சாக்குக்குள் இலை சூடேற, வாசல் வரை வரிசை.
மாதியம்மா நேராக என்னிடம் வந்தார்:
"நீங்க டைரி எழுதறதுக்கு
எங்க இலை வேகணுமா?"

கேட்டது நியாயம்.
இப்போது நான்கு மெகாபைட் மடியில் கட்டிக்கொள்ளும்.
நிரம்பினால் மிச்சத்தைக் கீழே விட்டுவிட்டு
நிறுத்துக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு டாக்:
ஊர், எண், வேலை.
நேரத்தை மட்டும் மறந்துவிட்டேன்.
ராத்திரி ஒன்பதுக்கு இலையோடு வந்த லாரி
லாகில் மாலை மூன்றரைக்கே நிற்கிறது.
வெள்ளைக்காரன் போயும்
பெட்டிக்குள் கிரீன்விச் மணி.

நேற்றிரவு, முதன்முறையாக,
எல்லா ஊரும் ஒரே திரையில் பேசின.
அதில் கட்டபெட்டு மட்டும்
நொடிக்குப் பத்து முறை:
வந்துட்டேன் 3
வந்துட்டேன் 3
வந்துட்டேன் 3

நிரல் மூன்றாவது இடத்தைத் தொடுகிறதா என்று பார்க்க
யோகராணி போட்டுவைத்த வரி.
பார்த்தாள், தொட்டது,
எடுக்க மறந்து சென்னைக்கு வேலை மாறிப் போய்விட்டாள்.
பின்பக்கம் கிழிந்த மின் ரசீதில் கணக்குப் போட்டேன்.
வட்டில் மிச்சமிருந்த இடம்,
ஒரு வரியின் நீளம்,
ஒரு நாளின் நொடிகள்.
இருபத்தொன்பதாம் நாள் நிரம்பும்.
மாசம் ஒரு தரம்.
வந்துட்டேன் வந்துட்டேன் என்றே
மூச்சு முட்டிச் செத்திருக்கிறது,
அழிக்கும்போது அந்த வாக்குமூலமும் சேர்ந்தே போயிருக்கிறது.

அவளுக்குச் செய்தி போட்டேன்:
உன் மூணு இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.

சிரிக்கிற முகம் ஒன்று வந்தது.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு:
ஒண்ணை அப்பவே எடுத்துட்டேன்.
ரெண்டு வந்தா மட்டும் சொல்லு.
அது வரக்கூடாத இடம்.

தேடினேன்.
கீழ்க்கோத்தகிரி, எடை.
லாகில் பதினொன்று இருபத்திரண்டு.
ஐந்தரையைக் கூட்டினால்
மாலை நான்கு ஐம்பத்திரண்டு.
ஒரே ஒரு தடவை.

அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு
மறுபடி உட்கார்ந்தேன்.