ஏழு டாலர், தபால் செலவு

என் கையெழுத்து அழகாக இருந்ததால்
கணக்குப் புத்தகம் என்னிடம் வந்தது.
வேறு தகுதி கிடையாது.
மொன்டானாவின் பியூட் நகரில், டப்ளின் பள்ளத்தின் மேட்டில்,
நாற்பத்தொரு சுரங்கக்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, பிப்ரவரி.
மூவாயிரம் அடிக்குக் கீழே வேர்த்துக் கொட்டும்.
மேலே ஏறி வந்தால்
முதுகிலேயே சட்டை பலகையாகும்.

இன்னும் பிறக்காத குடியரசின் கடன் பத்திரங்கள்
நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கின,
பிஸ்கட் டப்பாவில், வைக்கோல் சுற்றி.
ஒன்று பத்து டாலர்.
அந்நியப் படை வெளியேறிய பிறகு
வட்டியோடு திருப்பித் தரப்படும் என்று அச்சிட்டிருந்தது.
"எந்தப் பிறகு?" என்றான் ஜெரோம் டுக்கன்.
கேட்டபடியே இரண்டு டாலரை மேசையில் வைத்தான்.
மீதி தவணையில்.

சம்பள நாளில் மாடிப்படியின் அடியில் உட்காருவேன்,
ஒரு கையில் சூப் கரண்டி, மறுகையில் பேனா.
மதுக்கடைக்குப் போகும் வழியும் அதுதான்.
தங்கப் பல் கட்டச் சேர்த்த காசை
ஓட்டை வாயோடு சிரித்து நீட்டினான் ஒருவன்.
கார்க் மாவட்டத்தான் எவ்வளவு போட்டான் என்று பார்த்து
டோனகால்காரன் ஒரு டாலர் கூடப் போட்டான்.
எதிர்வீட்டு பின்லாந்துக்காரி ஐல்மி
அரை டாலரோடு வந்தாள்:
"எங்களுக்கும் ஒரு ராஜா இருந்தான்.
போய்விட்டான். முயற்சி செய்யுங்கள்."
அரை டாலருக்குப் பத்திரம் இல்லை, வாங்கக் கூடாது என்றேன்.
அவள் அதை உப்பு ஜாடிக்குள் போட்டுவிட்டுப் போனாள்.

மர்ட்டி கியோஹேன் ஆறு டாலர் கட்டியிருந்தான்.
மார்ச்சில் ஒரு செவ்வாய், பாறை சரிந்தது.
உறவென்று யாரும் இல்லை.
சட்டைப்பையில் என் ரசீதுகள் மூன்று, ஈரமாக.
தொப்பி சுற்றி வந்தது.
சவப்பெட்டிக்கு ஏழு டாலர் குறைந்தது.
கடன் பத்திரப் பணத்திலிருந்து எடுத்தேன்.
இறுதிக் கடனும் கடன்தானே.
புத்தகத்தில் எழுதினேன்:
தபால் செலவு, ஏழு டாலர்.

ஏப்ரலில் தணிக்கைக்கு வந்தார் மிஸ்டர் குயின்லன்,
ரப்பர் மேல்செருப்பு, தன் பென்சிலைத் தானே கொண்டுவந்தவர்.
விரல் அந்த வரியில் நின்றது.
"ஏழு டாலருக்குத் தபாலா? சீனாவுக்கா எழுதினீர்கள்?"
"இன்னும் கொஞ்சம் தூரம்," என்றேன்.
பிறகு உள்ளதைச் சொன்னேன்.
அவர் தொப்பியைக் கழற்றினார்.
ஒரு நிமிடம் கழித்து மாட்டிக்கொண்டு
வாரம் அரை டாலர், பதினான்கு வாரம் என்று எழுதி
என் பக்கம் தள்ளினார்.
அவர் செய்தது சரி. இன்றும் அதைத்தான் சொல்வேன்.
அன்று அவருக்கு இறைச்சி பரிமாறவில்லை.

பதினான்கு வாரம் முடிந்தது.
வாரம் அரை டாலர் கழிவது பழகிப் போயிருந்தது.
இன்னும் எட்டு வாரம் கட்டினேன்.
மர்ட்டியின் பத்தும் நிறைந்தது.
பத்திரத்தில் அவன் பெயரைச் சுழித்துச் சுழித்து எழுதினேன்,
உயிரோடிருந்தால் கூசியிருப்பான்.

பிறகு அங்கே நாடு கிடைத்தது, முழுசாக இல்லை.
ஒரே கொடிக்காக ஒரே கொடிக்காரர்கள் சுட்டுக்கொண்டார்கள்.
எங்கள் பணம் யாருடையது என்று
நியூயார்க் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வழக்கு.
இங்கே சாப்பாட்டு மேசையை இரண்டாகப் போட்டேன்.
உருளைக்கிழங்குச் சட்டி மட்டும் ஒன்று.
யாரும் யாரையும் கேட்காமல் அது நகர்ந்தது.

போன வாரம், இத்தனை காலம் கழித்து,
ஒரு காசோலை வந்தது.
திரு. மர்ட்டி கியோஹேன், என் முகவரி.
பன்னிரண்டரை டாலர்.
அவன் குழிமேல் இருப்பது இன்னும் மரச்சிலுவைதான்,
இரண்டு முறை மாற்றியாயிற்று.

பின்பக்கம் ஒரு கோடு.
அதன் கீழே சின்ன எழுத்தில்:
பெறுபவர் கையெழுத்து.

மைப்புட்டியைத் திறந்தேன்.
என் கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.